உடைந்த எக்ஸ்டர்னல் பெட்டியிலிருந்து நல்ல ஹார்ட் டிஸ்க்கை மீட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என்று ஒரே பொருளாக விற்கப்படுவதற்குள் பெரும்பாலும் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, கணினிக்குள் இருக்கும் அதே சாட்டா ஹார்ட் டிஸ்க் (சாட்டா என்பது டிஸ்க்கைக் கணினியோடு சேர்க்கும் இணைப்பு வகை). மற்றொன்று, அதை யூஎஸ்பி வழியாகப் பேச வைக்கும் சிறிய போர்டு. கீழே விழுந்து யூஎஸ்பி வாய் ஆடிப்போவதும், மின்சாரம் ஏறி இறங்கும்போது கருகுவதும் பல நேரம் இந்தப் போர்டுதான். உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இந்த வேலையில் புதியவர்கள் தடுமாறுவதைப் பார்த்தவரையில், திருகுகளைக் கழற்றும்போது டிஸ்க்கைக் கெடுத்தவர்கள் குறைவு. நன்றாக வெளியே எடுத்து, கணினியில் மாட்டி, திரையில் வந்த கேள்விக்குச் சரி என்று அழுத்திக் கெடுத்தவர்களே அதிகம். எனவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. கெட்டது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

பெட்டியைத் திறப்பதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். சிறிய பெட்டிகளில் வரும் அகலமான மைக்ரோ பி கேபிள்தான் எல்லாவற்றிலும் முதலில் சாகிறது. வேறு கேபிள், வேறு யூஎஸ்பி வாய், முடிந்தால் வேறு கணினி என்று மூன்றையும் மாற்றிப் பாருங்கள். மேசைக் கணினியாக இருந்தால் முன்பக்க வாயை விட்டுவிட்டுப் பின்பக்க வாயில் செருகுங்கள். முன்பக்கத்துக்கு உள்ளே ஒரு நீளமான கம்பி போகிறது. அதில் மின்னழுத்தம் சற்றுக் குறையும்.

பெரிய, 3.5 அங்குலப் பெட்டியாக இருந்தால் அதற்குத் தனி அடாப்டர் இருக்கும். பெரும்பாலும் 12 வோல்ட், 1.5 அல்லது 2 ஆம்பியர். பழைய அடாப்டர் மல்டிமீட்டரில் 12 என்று அழகாகக் காட்டும். டிஸ்க் சுழலத் தொடங்கியதும் சரிந்துவிடும். டிஸ்க் சுழன்று, நின்று, மறுபடி சுழன்று, மறுபடி நின்றால் முதல் சந்தேகம் அடாப்டர் மேல்தான் விழ வேண்டும். அதே வோல்ட், அதே முனைப்பு (நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பது), அதே அளவோ கூடுதலோ ஆம்பியர் உள்ள வேறோர் அடாப்டரைப் பொருத்திப் பாருங்கள். மடிக்கணினியின் 19 வோல்ட் சார்ஜர் முனை இதில் பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள்.

பிறகு காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரே சீரான மெல்லிய இரைச்சல் வந்தால் டிஸ்க் சுழல்கிறது. பழுது போர்டிலோ யூஎஸ்பி வாயிலோ இருக்கலாம். சத்தமே இல்லையென்றாலும் நம்பிக்கை உண்டு, மின்சாரமே உள்ளே போகாமல் இருக்கலாம். டிக், டிக் என்று ஒரே இடைவெளியில் அடித்துக்கொண்டால் மட்டும் உடனே இணைப்பைத் துண்டியுங்கள். படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடுகிறது என்று பொருள். பீப் போன்ற மெல்லிய ஒலி வந்தால் மோட்டார் சுழல முயன்று முடியாமல் நிற்கிறது. மின்சாரம் போதாமல் இருக்கலாம், முனை தட்டில் ஒட்டியிருக்கலாம். நல்ல கேபிளிலும் அடாப்டரிலும் அந்த ஒலி தொடர்ந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்கு உதவாது. உள்ளே இருப்பது விலைமதிப்பற்றதென்றால் டேட்டா மீட்பு நிபுணரிடம் போங்கள். தட்டிப் பார்ப்பது, குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது, உலோக மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பது எல்லாம் அவருடைய வேலையையும் சேர்த்துக் கெடுக்கும்.

2. இந்த வகையைப் பிரித்துப் பயன் உண்டா என்று பாருங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பெட்டியை உடைத்த பிறகு விழிக்கிறார்கள். இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்.

முதலாவது, எல்லா 2.5 அங்குலப் பெட்டிக்குள்ளும் சாட்டா டிஸ்க் இல்லை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட், எலிமென்ட்ஸ் போன்ற சிறிய வரிசைகளில் பலவற்றில் யூஎஸ்பி வாய் டிஸ்க்கின் சொந்தப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. தோஷிபாவிலும் இப்படிச் சில உண்டு. அவற்றில் கழற்றி எடுக்கத் தனிப் போர்டே கிடையாது. யூஎஸ்பி வாய் மட்டும் உடைந்திருந்தால், கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் புது வாய் பற்றவைத்துக்கொள்வதே வழி. சீகேட்டின் சிறிய பெட்டிகளில் பெரும்பாலும் சாதாரண சாட்டா டிஸ்க்கும் கழற்றக்கூடிய போர்டும் இருக்கும். 3.5 அங்குலப் பெட்டிகளில் இந்தக் கவலை இல்லை.

இரண்டாவது, குறியாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி எழுதுவது. மை புக், மை பாஸ்போர்ட் வரிசைகளில் பல மாதிரிகள் நீங்கள் கடவுச்சொல் எதுவும் வைக்காவிட்டாலும் எழுதுவதையெல்லாம் போர்டிலேயே குறியாக்கம் செய்துதான் டிஸ்க்குக்கு அனுப்புகின்றன. அந்தப் போர்டு இல்லாமல் டிஸ்க்கை நேரடியாகக் கணினியில் மாட்டினால், உள்ளே எந்தக் கோப்பும் இருப்பதாகத் தெரியாது. அது அழிந்துவிட்டதென்று பொருளல்ல. இப்படிப்பட்ட மாதிரியென்றால் பழைய போர்டை எந்தக் காரணத்துக்காகவும் தூக்கிப் போடாதீர்கள்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணை இணையத்தில் தேடினால், அதே பெட்டியைப் பிரித்த படங்களோ வீடியோவோ கிடைக்கும். பத்து நிமிடம் அதற்கு ஒதுக்குங்கள். உத்தரவாதம் முடியவில்லையென்றால் அதையும் இப்போதே யோசித்துவிடுங்கள்: பெட்டியைப் பிரித்தால் அது பொதுவாகப் போய்விடும். உத்தரவாதத்தில் கொடுத்தால் வேறு டிஸ்க் கிடைக்கலாம், உங்கள் கோப்புகள் திரும்பி வரா. இரண்டில் எது முக்கியமென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

3. திறப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

டிஸ்க்கை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு அதற்கான கேபிளைத் தேடி அலைவதில் அர்த்தமில்லை. தேவையானது எல்லாம் வந்து சேர்ந்த பிறகே திறங்கள்.

முக்கியமானது சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் கேபிள் அல்லது டாக் (டிஸ்க்கைச் செருகி நிறுத்தும் மேடை). இதில் இரண்டு வகை. யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் மலிவான கேபிள் 2.5 அங்குல டிஸ்க்குக்கு மட்டுமே போதும். 3.5 அங்குல டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். தனி அடாப்டரோடு வரும் வகையைத்தான் வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கணினிக் கடையிலோ கேட்கும்போது ‘பெரிய டிஸ்க்குக்கு, அடாப்டரோடு’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் வகைதான் கையில் வந்து சேரும். மேசைக் கணினி வைத்திருப்பவருக்கு இது எதுவும் வேண்டாம். உள்ளே ஒரு சாட்டா வாயும் ஒரு மின் இணைப்பும் காலியாக இருந்தால் போதும்.

இரண்டாவது, கோப்புகளை நகலெடுத்து வைக்க வேறொரு டிஸ்க். மீட்கப்போகும் டிஸ்க்கில் நிறைந்திருக்கும் அளவைவிட அதில் காலி இடம் அதிகமாக இருக்க வேண்டும். ‘முதலில் திறந்து பார்ப்போம், பிறகு வாங்கிக்கொள்ளலாம்’ என்பவர்கள் மீட்ட டிஸ்க்கையே மாதக்கணக்கில் அப்படியே பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள்.

மற்றவை சில்லறை: சிறிய நட்சத்திர முனை, பிளஸ் முனை ஸ்க்ரூடிரைவர்கள், காலாவதியான இரண்டு மூன்று ஏடிஎம் அட்டைகள், திருகுகளைப் போட்டு வைக்க ஒரு கிண்ணம்.

4. பெட்டியைத் திறப்பது

எல்லா இணைப்பையும் பிடுங்கிவிட்டு, சுழற்சி முழுமையாக நின்றதா என்று அரை நிமிடம் பொறுங்கள். மெத்தென்ற துணி விரித்த மேசையில் வையுங்கள். கம்பளமும் பட்டுத்துணியும் வேண்டாம், அவற்றில் நிலைமின்சாரம் சேரும். டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் வண்ணம் பூசாத ஏதாவது பெரிய உலோகத்தை ஒருமுறை தொட்டுவிடுங்கள்.

பெரும்பாலான பெட்டிகளில் வெளியே திருகே தெரியாது. சில மாதிரிகளில் அடியில் உள்ள ரப்பர் கால்களுக்கோ ஒட்டுத்தாளுக்கோ கீழே ஒளிந்திருக்கும். விரலால் அழுத்திப் பார்த்தால் பள்ளம் தெரியும். மற்றவை பிளாஸ்டிக் கொக்கிகளால் மாட்டப்பட்டவை. இரண்டு பாதிகளும் சேரும் கோட்டில் ஒரு மூலையருகே அட்டையின் விளிம்பை நுழைத்து, மெதுவாக நகர்த்துங்கள். ஓர் இடத்தில் அட்டை தடைபடும். கொக்கி இருப்பது அங்கேதான். அட்டையைச் சற்று உள்ளே அழுத்திச் சாய்த்தால் ‘டக்’ என்று விடும். விட்ட இடத்தில் அந்த அட்டையை அப்படியே விட்டுவிட்டு அடுத்த அட்டையை எடுங்கள். எடுத்துவிட்டால் கொக்கி மறுபடி மாட்டிக்கொள்ளும். அட்டை ஒன்றுக்கு மூன்றாகக் கேட்டது இதற்காகத்தான்.

கத்தியோ தட்டை முனை ஸ்க்ரூடிரைவரோ வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் கீறுவது பெரிதில்லை. கொக்கி திடீரென்று விடும்போது முனை நேராக டிஸ்க்கின் அடிப்பக்கப் போர்டில் போய்க் குத்தும். அங்கே அரிசியளவுகூட இல்லாத ஒரு பாகம் பெயர்ந்தால் போதும், நல்ல டிஸ்க் கெட்ட டிஸ்க்காகிவிடும். கொக்கி ஒன்றிரண்டு உடைந்தால் வருத்தப்படாதீர்கள், பெட்டி எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது.

5. போர்டைப் பிரிப்பது

உள்ளே டிஸ்க், ரப்பர் உருளைகளின் மேலோ தகரச் சட்டத்துக்குள்ளோ உட்கார்ந்திருக்கும். சிலவற்றில் போர்டின் மேல் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். அதை முழுவதும் கிழிக்க வேண்டாம், ஒரு பக்கம் உரித்து மடித்துவிடுங்கள். எதையும் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

போர்டு டிஸ்க்கின் சாட்டா முனையில் நேராகச் செருகப்பட்டிருக்கும். அதைப் பிடித்திருக்கும் ஒன்றிரண்டு திருகுகளை எடுத்த பிறகே இழுக்க வேண்டும். இழுக்கும் திசைதான் இங்கே முக்கியம். டிஸ்க்கின் நீளவாக்கில், முனையிலிருந்து நேராக வெளிநோக்கி இழுங்கள். மேலே தூக்கினால் சாட்டா முனையின் மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு உடைந்துவிடும். வராவிட்டால் இடப்பக்கம் ஒரு மயிரிழை, வலப்பக்கம் ஒரு மயிரிழை என்று மாற்றி மாற்றி நகர்த்துங்கள். அப்படியும் அசையாவிட்டால் எங்கோ ஒரு திருகை விட்டுவிட்டீர்கள்.

டிஸ்க்கின் உலோக உடலில் இருக்கும் திருகுகளைத் தொடாதீர்கள். மேல்மூடியில் ‘இந்தத் துளையை மூடக் கூடாது’ என்று எழுதியிருந்தால் அது காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் துளை. அதன் மேல் டேப் ஒட்டக் கூடாது. கழற்றிய போர்டை டிஸ்க்கின் வரிசை எண் எழுதிய ஓர் உறையில் போட்டு வையுங்கள்.

6. இணைப்பது, கேட்பதற்கெல்லாம் வேண்டாம் என்பது

சாட்டா கேபிளை முதலில் டிஸ்க்கில் மாட்டுங்கள், பிறகு அடாப்டர், கடைசியாக யூஎஸ்பி. மின்சாரம் ஓடும்போது சாட்டா முனையைச் செருகும் சிக்கல் இதனால் தவிர்க்கப்படும். டிஸ்க்கைத் தட்டையாக வைத்து, சுழல ஆரம்பித்ததும் கையை எடுத்துவிடுங்கள். சுழலும் டிஸ்க்கைத் தூக்கி லேபிளைப் படிப்பது பலருக்குப் பழக்கம். லேபிளைப் படிக்க வேண்டுமென்றால் முன்பே படித்திருக்கலாம்.

எல்லாம் நல்லபடியாக இருந்தால் உங்கள் கோப்புறைகள் அப்படியே திறக்கும். நேராக 7ஆம் படிக்குப் போங்கள்.

இல்லையென்றால் விண்டோஸ் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்கும். ஒன்று, இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா? இன்னொன்று, விண்டோஸில் உள்ள டிஸ்க் மேலாண்மையை (Disk Management) திறந்தால், இனிஷியலைஸ் செய்யவா, அதாவது புது டிஸ்க்காகத் தயார் செய்யவா? இரண்டுக்கும் பதில் ‘கேன்சல்’. இந்தக் கேள்விகளுக்கு ‘எனக்கு இது புரியவில்லை’ என்பதற்கு மேல் பொருள் கிடையாது. பழுது நீக்குகிறேன் என்று செக்டிஸ்க்கை ஓட்டுவதும் இப்போது கூடாது. அது டிஸ்க்கில் எழுதும்.

டிஸ்க் மேலாண்மைத் திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். காரணத்தை அதுவே சொல்லிவிடும்.

டிஸ்க்கின் மொத்த அளவு சரியாகக் காட்டி, பகுதி (பார்ட்டிஷன்) எதுவும் இல்லையென்றால் குறியாக்கத்தைச் சந்தேகியுங்கள். பழைய போர்டையே திரும்ப மாட்டுவதுதான் வழி. அதன் யூஎஸ்பி வாய் மட்டும் உடைந்திருந்தால் புதிது பற்றவைக்கலாம். போர்டே கருகியிருந்தால், அதில் அச்சிட்டிருக்கும் போர்டு எண்ணும் பெரிய சிப்பின் எண்ணும் ஒத்துப்போகும் இன்னொரு போர்டைத் தேட வேண்டும். நீங்கள் கடவுச்சொல் வைத்திருந்தால் அதுவும் வேண்டும்.

2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கில் ஒரு பகுதி தெரிந்து, அதன் அளவு இருக்க வேண்டியதில் எட்டில் ஒன்றாக இருந்தால் அது வேறு கதை. உதாரணமாக 3 டிபி டிஸ்க்கில் சுமார் 350 ஜிபிக்கு ஒரு பகுதி. டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் முறையில், 512 பைட் செக்டாரை (டிஸ்க் தகவலைச் சேமிக்கும் சிறு துண்டு) வைத்து 2 டிபிக்கு மேல் கணக்கிட முடியாது. அதனால் சில பெட்டிகளின் போர்டு, எட்டு செக்டார்களைச் சேர்த்து 4096 பைட் கொண்ட ஒன்றாகக் கணினிக்குக் காட்டியது. புதுக் கேபிள் 512 என்றே காட்டுவதால் பகுதியின் தொடக்கமும் நீளமும் தப்பாகப் படிக்கப்படுகின்றன. கோப்புகள் அப்படியே இருக்கின்றன. அதே மாதிரிப் போர்டு கிடைத்தால் எளிது. கிடைக்காவிட்டால், லினக்ஸ் தெரிந்தவர் ஒருவரிடம், டிஸ்க்கை 4096 பைட் செக்டாராகக் காட்டும் லூப் சாதனமாக, படிக்க மட்டும் என்ற முறையில் திறந்து தரச் சொல்லுங்கள். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளிலும் செக்டார் அளவை மாற்றிப் பார்க்க முடியும்.

மூன்றாவதாக, மிகச் சாதாரணமான காரணம்: முன்பு அந்த டிஸ்க்கை மேக் கணினியில் பயன்படுத்தியிருப்பீர்கள். விண்டோஸுக்கு அந்தக் கோப்பு முறை தெரியாது. மேக்கிலேயே மாட்டிப் பாருங்கள்.

7. முதலில் நகல், பிறகு மற்றதெல்லாம்

கோப்புறைகள் திறந்தவுடன் மகிழ்ச்சியில் ஒவ்வொரு புகைப்படமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். விழுந்த டிஸ்க் எவ்வளவு நேரம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது.

நகலெடுப்பதற்கு முன் ஒரே ஒரு பரிசோதனை மட்டும் செய்யலாம், அதற்குச் சில விநாடிகள்தான். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற மென்பொருளில் ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) திறந்து, 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். முதலாவது, கெட்டுப்போய் மாற்றிவைக்கப்பட்ட செக்டார்கள். அடுத்தது, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை. மூன்றாவது, சரிசெய்யவே முடியாதவை. இந்த எண்கள் பதினாறடிமான முறையில் காட்டப்படலாம், குழம்ப வேண்டாம்; பூஜ்யமா இல்லையா என்பதே இப்போதைக்குக் கேள்வி.

மூன்றும் பூஜ்யமென்றால் சாதாரணமாக நகலெடுங்கள். திரும்பக் கிடைக்காதவை முதலில்: குடும்பப் புகைப்படங்கள், ஆவணங்கள், கணக்குகள். திரைப்படங்கள் கடைசியில். ‘கட்’ செய்து ஒட்டாதீர்கள், ‘காப்பி’ மட்டும். 500 ஜிபிக்கு, பழைய யூஎஸ்பி 2 வாயில் நான்கு மணி நேரம் போல ஆகும். நீல நிற யூஎஸ்பி 3 வாயில் அதில் பாதிக்கும் குறைவு. கணினி தூக்கநிலைக்குப் போகாமல் அமைப்பை மாற்றிவிட்டுப் போங்கள்.

சி5 பூஜ்யமாக இல்லையென்றால் கோப்பு கோப்பாக நகலெடுப்பது சரியல்ல. கெட்ட இடம் வந்ததும் விண்டோஸ் அதிலேயே முட்டிமோதிக்கொண்டு நிற்கும், டிஸ்க் இன்னும் நோகும். லினக்ஸில் உள்ள ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவைக் கொண்டு முழு டிஸ்க்கையும் ஒரு பிம்பமாக, அதாவது அப்படியே ஒரே பெரிய கோப்பாக, எடுங்கள். நன்றாகப் படிக்கக்கூடியதையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வருவது அதன் முறை. எங்கே நிறுத்தினோம் என்று ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொள்வதால் நடுவில் நிறுத்தித் தொடரவும் முடியும். மூலம் எது, இலக்கு எது என்பதை மாற்றிக் கொடுத்தால் மீட்க வேண்டியது அழிந்துவிடும். டிஸ்க்கின் வரிசை எண்ணைப் பார்த்து உறுதி செய்த பிறகே ஓட்டுங்கள்.

முடிந்ததும் நகலில் இருக்கும் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள், பெரிய வீடியோக்களில் சிலவற்றை நடுவில் ஓடவிட்டுப் பாருங்கள்.

8. மீட்ட டிஸ்க்குக்குப் புது வீடு

நகல் பத்திரமான பிறகே நீண்ட ஸ்மார்ட் பரிசோதனையை ஓட்டுங்கள். பல மணி நேரம் ஆகும், முழுப் பரப்பையும் படித்துப் பார்க்கும். சி5, சி6 ஏறியிருந்தால் அந்த டிஸ்க்கோடு உறவை முடித்துக்கொள்ளுங்கள். சி7 என்ற வரி மட்டும் ஏறினால் பயம் வேண்டாம், அது பெரும்பாலும் கேபிள் கோளாறு.

நல்லதென்று தெரிந்தால் எளிய வழி ஒரு காலிப் பெட்டி வாங்கிப் போடுவது. 2.5 அங்குல டிஸ்க்கென்றால் தடிமனை அளந்துவிட்டுப் போங்கள். 7 மற்றும் 9.5 மில்லிமீட்டர் பெரும்பாலான பெட்டிகளில் பொருந்தும். 4, 5 டிபி கொண்டவை 15 மில்லிமீட்டர். அவை மடிக்கணினிக்குள்ளும் போகா, பல பெட்டிகளுக்குள்ளும் போகா.

3.5 அங்குல டிஸ்க்கை மேசைக் கணினிக்குள் மாட்டும்போது ஒரு விநோதம் நேரலாம். யூஎஸ்பி கேபிளில் நன்றாகச் சுழன்றது, கணினிக்குள் அசையவே இல்லை. டிஸ்க் சாகவில்லை. புதிய டிஸ்க்குகள் சிலவற்றில் மின்முனையின் மூன்றாவது ஊசிக்கு 3.3 வோல்ட் வந்தால் ‘அணைந்திரு’ என்று பொருள். சில கணினிகளின் பவர் சப்ளை அந்த 3.3 வோல்ட்டை எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்கும். டேட்டா முனையின் பக்கமாக இருக்கும் முதல் மூன்று ஊசிகளை மெல்லிய கேப்டான் டேப்பால் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) மூடினால் சுழலும். செல்லோடேப் வேண்டாம், சூட்டில் பசை இளகி ஊசிகளுக்கிடையே பரவும்.

சில பெரிய டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் வகை, அதாவது தடங்களை ஒன்றின் மேல் ஒன்று சற்றுப் படியும்படி எழுதுபவை. நிறைய எழுதும்போது வேகம் படுத்துவிடும். காப்புப் பிரதி வைக்க அவை போதும், பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு அமைப்பில் சேர்க்காதீர்கள்.

மிஞ்சிய அடாப்டர் நல்ல நிலையில் இருந்தால் எறிய வேண்டாம். அதன் மேல் பெரிதாக ‘12 வோல்ட், ஹார்ட் டிஸ்க்’ என்று எழுதி ஒட்டிவிட்டு மேசை இழுப்பறையில் போடுங்கள். இல்லாவிட்டால் அதே முனையுள்ள 5 வோல்ட் ரவுட்டரில் யாராவது செருகிவிடுவார்கள்.